பூ வாடுமுன் காகிதம் தயாரா?

மதுரை மல்லிக்கு ஒரு நாள்தான் ஆயுள். விடியற்காலையில் மொட்டாகப் பறித்தது மாலையில் விரிந்துவிடும். மறுநாள் அதற்கு விலை இல்லை. திருப்பரங்குன்றம், செல்லம்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ மூட்டைகள் அவ்வளவு வேகமாக ஓடி வருவது அந்த ஒரு நாளுக்காகத்தான். அதே பூ துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டுமானால், பூவுக்கு முன்னால் காகிதம் ஓட வேண்டும். பூ ஒரு நாளில் தயார். காகிதம் தயாராக ஒரு மாதமாவது ஆகும். பூவைப் பறித்து வைத்துக்கொண்டு காகிதம் தேடினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ல். அதற்கு முந்தைய ஆண்டே, 2012-ல், மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசின் அபேடா நிறுவனத்தின் துணையோடு மதுரை மல்லியும், பட்டன் ரோஜா, சாமந்தி போன்ற நம்மூர்ப் பூக்களும் அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் அனுப்பப்பட்டன. பூ வாடாமல் இருக்கும் பெட்டி கட்டும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்தது. அப்போது மத்திய அரசு தந்த கணக்கு இது: 2020-21-ல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான மல்லிகை உள்ளிட்ட உதிரிப்பூ, பூச்செண்டு வகைகளின் மதிப்பு 66.28 கோடி ரூபாய். அதில் சென்னை, கோவை, மதுரை விமான நிலையங்கள் வழியாகத் தமிழகத்திலிருந்து போனது 11.84 கோடி. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

மீதி அத்தனையும் நம் பூ என்று சொல்ல வரவில்லை. ஆனால் மல்லிக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. புவிசார் குறியீடும் நம்முடையது. ஏற்றுமதி ஆவணங்களில் அந்த மாவட்டத்து விவசாயியின் பெயரோ, அவர் சேர்ந்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரோ எத்தனை இடத்தில் இருக்கிறது? பூ கமிஷன் கடையில் கைமாறும்போதே உங்கள் பெயர் அதிலிருந்து கழன்றுவிடுகிறது. அங்கிருந்து வாங்கி அனுப்புகிறவர் பெயரில் காகிதம் இருக்கிறது; வெளிநாட்டு விலை அவர் கையில் இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யார் பெயரில் காகிதமோ, அவருக்கே பேரம் பேசும் பலம்.

காகித வேலை என்றாலே "அது படித்தவர்கள் சமாச்சாரம்" என்று ஒதுங்குகிறோம். உண்மையில் அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதை எப்போது செய்ய வேண்டும் என்ற வரிசைதான் முக்கியம். அந்த வரிசையைத்தான் இந்த வாரம் சொல்கிறோம்.

சீசனுக்கு முன்பே முடிக்க வேண்டியவை

முதலில் வேண்டியது ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு. இது இல்லாமல் வியாபாரமாக ஒரு பெட்டிகூட நாட்டைத் தாண்ட முடியாது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எப்.டி., இதைத் தருகிறது. பான் எண்தான் குறியீடு. கட்டணம் 500 ரூபாய். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதற்காக யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், அவர் கேட்பது தன் கூலியை. அரசுக் கட்டணத்தை அல்ல. டி.ஜி.எப்.டி.யின் மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள்.

இந்தக் குறியீட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் நுழைந்து, விவரங்கள் சரி என்று உறுதி செய்ய வேண்டும். முகவரி மாறவில்லை, வங்கி மாறவில்லை என்றாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் குறியீடு முடங்கிவிடும். மீண்டும் உயிர்ப்பிக்க முடியும்தான். ஆனால் பூ பெட்டியில் இருக்கும்போது முடங்கியது தெரியவந்தால், உயிர்ப்பிப்பதற்குள் பூ போய்விடும். மல்லி வரத்து உச்சத்தில் இருப்பதும் அதே ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில்தான். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, அபேடா பதிவு. பூ, பழம், காய்கறி முதலான பட்டியல் பொருள்களை ஏற்றுமதி செய்கிறவர் 1985-ம் ஆண்டு அபேடா சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பதிவுச் சான்றை ஆர்.சி.எம்.சி. என்கிறார்கள். மிளகாய், மஞ்சள் போன்ற வாசனைப் பொருள் என்றால் அபேடா இல்லை. நறுமணப் பொருள் வாரியம். எந்தப் பொருள் யாருடைய பட்டியலில் வருகிறது என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, வங்கி. சேமிப்புக் கணக்கு போதாது. நடப்புக் கணக்கு வேண்டும். அந்த வங்கிக் கிளை அன்னியச் செலாவணி கையாளும் கிளையாக, அல்லது அப்படிப்பட்ட கிளையோடு இணைந்ததாக இருக்க வேண்டும். அங்கே ஏ.டி. கோடு என்று ஓர் எண் தருவார்கள். அதைச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எந்தச் சரக்குக்கு உரியது என்பதை அரசு இந்த எண்ணை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறது. பதிவு ஆவதற்குச் சில நாள் பிடிக்கும். முதல் ஆர்டர் வந்த பிறகு வங்கிக்கு ஓடுவது, மழை வந்த பிறகு வரப்பு கட்டுவது போலத்தான்.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. உதிரிப்பூவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வரி உள்ள பொருளை அனுப்புகிறவர்கள், வரி கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிப் பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். போன ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குச் செல்லாது.

ஒவ்வொரு சரக்குக்கும் வேண்டியவை

மேலே சொன்னவை எல்லாம் கிணறு வெட்டுவது போல; ஒரு முறை செய்துவிட்டுப் பராமரிக்க வேண்டியவை. இனி வருபவை தண்ணீர் பாய்ச்சுவது போல; ஒவ்வொரு சரக்குக்கும் புதிதாகச் செய்ய வேண்டியவை.

இன்வாய்ஸ் என்பது விலைப்பட்டியல். பேக்கிங் லிஸ்ட் என்பது எந்தப் பெட்டியில் எது, எத்தனை கிலோ என்ற பட்டியல். ஷிப்பிங் பில் என்பது சுங்கத்துறைக்கு நாம் தரும் அறிவிப்பு. ஏர்வே பில் என்பது விமான நிறுவனம் சரக்கைப் பெற்றதற்குத் தரும் சீட்டு. இவற்றோடு தாவர நலச் சான்று, வாங்குபவர் கேட்டால் உற்பத்தி நாட்டுச் சான்று.

இந்த ஆறு காகிதத்திலும் ஒரே விவரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், பெட்டி எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, பொருளின் பெயர் ஆகியவை எங்கும் மாறக் கூடாது. ஒன்றில் "உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்" என்றும் இன்னொன்றில் அதன் சுருக்கப் பெயரும் இருந்தால் கேள்வி வரும். ஒன்றில் 40 பெட்டி, இன்னொன்றில் 42 பெட்டி என்றால் சரக்கு நிற்கும். சிமென்ட் மூட்டை நின்றால் ஒரு நாள் தாமதம்; மல்லி நின்றால் மொத்தமும் நட்டம். அனுப்புவதற்கு முதல் நாள் இரவே, எல்லாக் காகிதத்தையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். செலவே இல்லாத வேலை இது.

பெயர் விஷயத்தில் பூக்காரர்களுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்கு மல்லி, முல்லை, பிச்சி எல்லாம் சேர்ந்து "பூ". தாவர நலச் சான்றில் தாவரவியல் பெயர் எழுத வேண்டும். குண்டுமல்லி ஜாஸ்மினம் சம்பக், முல்லை ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம், பிச்சி ஜாஸ்மினம் கிராண்டிபுளோரம். கதம்பம் கட்டி அனுப்பினால் அதிலுள்ள கனகாம்பரம், மரிக்கொழுந்து, ரோஜா ஒவ்வொன்றின் பெயரும் வர வேண்டும். ஒரு பெட்டியில் மல்லி என்று எழுதிவிட்டு நடுவே இரண்டு முழம் பிச்சி வைத்தால், நமக்கு அது தாராளம். அங்கே ஆய்வாளருக்கு அது அறிவிக்கப்படாத தாவரம். "பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்" என்பார்கள். ஆனால் வாழைநாரும் ஒரு தாவரப் பொருள்தான். நாரில் தொடுக்கலாமா, நூலில்தான் தொடுக்க வேண்டுமா என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிப்பிங் பில்லை நீங்களே போட வேண்டியதில்லை. சுங்கத்துறையின் உரிமம் பெற்ற சுங்க முகவர் போடுவார். அவர் சரக்கின் எச்.எஸ். குறியீட்டைக் குறிப்பிடுவார், வெட்டிய பூக்களுக்கும் மொட்டுகளுக்கும் அது 0603 என்று தொடங்கும். சுங்க அதிகாரி பார்த்து, தேவைப்பட்டால் பெட்டியைத் திறந்து சோதித்து, ஏற்றலாம் என்று உத்தரவு தந்த பிறகே சரக்கு விமானத்தில் ஏறும். ஒன்றை மறக்காதீர்கள். முகவர் போட்டாலும், அதில் எழுதியிருப்பது உண்மை என்று உறுதி சொல்கிறவர் ஏற்றுமதியாளர்தான். 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எடையைக் கூட்டிக் குறைத்து எழுதினாலோ, பொருளை மாற்றி எழுதினாலோ அபராதம் உங்களுக்குத்தான் வரும். முகவரின் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். அவர் தாக்கல் செய்யும் முன் நகலை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லிப் படியுங்கள்.

மத்திய அரசு சில வரிகளைத் திருப்பித் தரும் ரோட்டெப் திட்டம் 2021 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பட்டியல் உண்டு. ஆனால் "இந்தச் சலுகை வேண்டும்" என்று ஷிப்பிங் பில்லிலேயே குறிப்பிட வேண்டும். அங்கே விட்டுவிட்டால், பின்னால் மனுப் போட்டு வாங்கலாம் என்று நம்பியிருக்க முடியாது. முகவரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

உற்பத்தி நாட்டுச் சான்று வாங்குபவருக்கு உதவும் காகிதம். ஐக்கிய அரபு அமீரகத்துடன் இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1-லும், ஆஸ்திரேலியாவுடனானது 2022 டிசம்பர் 29-லும் நடைமுறைக்கு வந்தன. ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பொருளுக்கு இந்தச் சான்று இருந்தால் அங்கே இறக்குமதி வரியில் சலுகை கிடைக்கும். அவருக்கு மிச்சமாவதில் நம் விலையைக் கொஞ்சம் உயர்த்திப் பேச இடம் உண்டு.

முதல் காகிதம் வயலில் எழுதப்படுகிறது

இதுவரை சொன்னதெல்லாம் அலுவலகக் காகிதம். பணம் கொடுத்தால் செய்து தர ஆள் உண்டு. ஆனால் தாவர நலச் சான்றை மட்டும் மேஜையில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது. "பைட்டோ" என்று ஏற்றுமதிக்காரர்கள் சொல்வது இதைத்தான். மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு, தனிமைப்படுத்தல் துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்து, அதிகாரி சரக்கைப் பார்த்துச் சோதித்த பிறகே இந்தச் சான்று கிடைக்கும். "இந்தச் சரக்கில், இறக்குமதி செய்யும் நாடு தடுத்துள்ள பூச்சியும் நோயும் இல்லை" என்று இந்திய அரசு இன்னொரு நாட்டு அரசுக்குத் தரும் வாக்குமூலம் அது. நம் தோட்டத்துப் பூவுக்காக நாடே கையெழுத்துப் போடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கு பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2013-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போன பழம், காய்கறிச் சரக்குகளில் 207 சரக்குகளில் பூச்சி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. விளைவு, 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய ஐந்துக்கும் அங்கே தடை. தவறு செய்த 207 சரக்கின் சொந்தக்காரர்கள் மட்டுமா தண்டனை அனுபவித்தார்கள்? ஒழுங்காகப் பயிர் செய்த அத்தனை விவசாயியும் சேர்ந்து அனுபவித்தார்கள். மாம்பழத் தடை நீங்க 2015 ஆகிவிட்டது. நடுவில் ஒரு மாம்பழப் பருவமே போய்விட்டது.

மல்லியில் பார்க்க வேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: மொட்டுப்புழு, மொட்டு ஈ, இலைப்பேன், சிவப்புச் சிலந்தி. மாட்டுத்தாவணியில் ஒரு மூட்டையில் நாலு புழு இருந்தால் விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளிநாட்டு விமான நிலையத்தில் உயிருள்ள ஒரு பூச்சி தெரிந்தாலும் மொத்தச் சரக்கையும் நிறுத்தலாம், மருந்துப் புகையிடலாம், அழிக்கலாம். அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும். பூங்கொத்தை வெள்ளைப் பரப்பின் மேல் உதறிப் பூச்சி விழுகிறதா என்று பார்ப்பது அங்கே ஆய்வாளர்கள் செய்யும் சோதனை. அதே சோதனையை நீங்கள் வரப்பிலேயே செய்யலாம். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கை நிறைய மொட்டை உதறுங்கள். ஏதாவது ஊர்ந்தால் அந்தப் பறிப்பு மாட்டுத்தாவணிக்கு, ஏற்றுமதிக்கு வேண்டாம்.

இதனால்தான் சொல்கிறோம், ஏற்றுமதியின் முதல் காகிதம் வயலில் எழுதப்படுகிறது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தத் தேதியில், எந்தப் பாத்தியில், எந்த மருந்து, எவ்வளவு அளவு, எதற்காக அடித்தீர்கள், அடித்த எத்தனையாவது நாள் பறித்தீர்கள் என்று எழுதுங்கள். மருந்துக்கடை ரசீதை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். கடைக்காரர் சொன்ன பெயரை அல்ல, டப்பாவில் உள்ள மருந்தின் பெயரை எழுதுங்கள். இந்த நோட்டைக் காட்டக்கூடிய பத்து விவசாயிகள் ஒரு கிராமத்தில் இருந்தால், ஏற்றுமதியாளர் அந்தக் கிராமத்தைத் தேடி வருவார். விலை பேசும்போது உங்கள் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு அந்த நோட்டுதான்.

மல்லி மட்டும் அல்ல

காகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாயில் போடும் பொருள். எனவே பூச்சி மட்டும் அல்ல, சால்மோனெல்லா கிருமி இல்லை என்ற ஆய்வகச் சோதனையையும் ஐரோப்பிய நாடுகள் கேட்கின்றன. கொடிக்காலில் பாய்ச்சும் தண்ணீரும், வெற்றிலையைக் கழுவும் தண்ணீரும் அங்கே கணக்கில் வருகின்றன.

அதே 2023-ல் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு வேறு சோதனை. களத்தில் ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடித்து அப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். நிறத்துக்காகச் சாயம் சேர்ப்பதும் உண்டு. இரண்டையும் சோதித்த பிறகே ஏற்றுமதி. இதற்கான நறுமணப் பொருள் வாரிய ஆய்வகம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. மிளகாய் வாடும் பொருள் அல்ல. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் வழியாகக் கன்டெய்னரில் போகும். காகிதத்தில் ஒரு பிழை வந்தாலும் திருத்த அவகாசம் உண்டு. அதனால் புதிதாக இறங்கும் குழுக்கள் மல்லியில் தொடங்குவதைவிட, வற்றல், முருங்கைப் பொடி போன்ற உலர்ந்த பொருளில் காகிதம் பழகிவிட்டுப் பூவுக்கு வருவது நல்லது என்பது நம் கருத்து. சிறு பொட்டலங்களுக்கு அஞ்சல்துறையின் ஏற்றுமதி மையங்கள் இருக்கின்றன. அங்கேயே சுங்க அறிவிப்பையும் போடலாம். அதற்கும் ஐ.இ.சி. வேண்டும்.

கன்டெய்னரில் மரப்பலகை வைத்து அடுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை மரத்தில் பூச்சி இருக்கும். எனவே 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வாட்டுவது போன்ற அங்கீகரித்த முறையில் பக்குவம் செய்து, ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதிப்படி முத்திரை குத்திய பலகையைத்தான் பயன்படுத்த வேண்டும். பலகையில் முத்திரை இல்லாவிட்டால், உள்ளே எவ்வளவு நல்ல மிளகாய் இருந்தாலும் சிக்கல்தான்.

பணம் வந்து சேர்வதும் ஒரு காகிதமே

விமானச் சரக்குக்கு எடை மட்டும் பார்த்துக் கட்டணம் போட மாட்டார்கள். பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது இட எடை. உண்மை எடை, இட எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 60-க்கு 40-க்கு 40 அளவுள்ள தெர்மாகோல் பெட்டிக்கு இட எடை 16 கிலோ. அதில் ஐஸ் ஜெல்லோடு சேர்த்து 9 கிலோதான் இருக்கிறது என்றாலும் 16 கிலோவுக்குக் கட்ட வேண்டும். விலை பேசும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். "கிலோ இவ்வளவு ரூபாய்" என்று வெளிநாட்டுக்காரர் சொல்லும் விலை பெரிதாகத்தான் தெரியும். அது விமானத்தில் ஏற்றும் வரைக்கான விலையா, அவர் ஊர் விமான நிலையம் வரை சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்த விலையா என்று கேளுங்கள். எப்.ஓ.பி., சி.ஐ.எப். என்று ஒப்பந்தத்தில் எழுதுவது இதைத்தான்.

புதிய ஆளுக்குக் கடனில் பூ அனுப்பாதீர்கள். முன்பணம் ஒரு பங்காவது வங்கி வழியாக வந்த பிறகு பறியுங்கள். தொடர்ந்து வாங்குகிறவருக்குக் கடன் தருவதானால், பணம் வராமல் போனால் ஈடு செய்ய மத்திய அரசின் இ.சி.ஜி.சி. காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி வைத்துள்ள கெடுவுக்குள் பணம் வங்கிக்கு வந்து, அது எந்த ஷிப்பிங் பில்லுக்கு உரியது என்று பொருத்தி முடித்தால்தான் அந்தச் சரக்கின் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். ஊரில் இருக்கும் உறவினர் கையில் பணத்தைக் கொடுத்துவிடச் சொல்லும் வழக்கம் ஏற்றுமதியில் உதவாது. அப்படிச் செய்தால் பணம் கையில் இருக்கும். ஆவணத்தில் வராத பாக்கியாகவே நிற்கும்.

யார் என்ன செய்யலாம்?

அரை ஏக்கரில் மல்லி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஐ.இ.சி. வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒருவர் ஒரு நாளில் பறிப்பது ஒரு சரக்குக்குப் போதாது. தினமும் காகிதத்துக்குப் பின்னால் ஓட நேரமும் இல்லை. மார்கழி, தை மாதப் பனியில் வரத்து விழுந்துவிடும்போது உள்ளூர் விலையே எங்கோ போய் நிற்கும். அப்போது ஏற்றுமதிக்குக் கொடுத்த வாக்கைத் தனி ஆளால் காப்பாற்ற முடியாது. எனவே விலையும் அளவும் பருவத்துக்கு ஏற்ப மாறும்படி ஒப்பந்தம் போட வேண்டும். ஏற்றுமதி நமக்கு அதிகம் உதவப் போவது, வரத்து குவிந்து விலை சரியும் கோடை மாதங்களில்தான்.

ஆகவே விவசாயியின் பங்கு நோட்டு எழுதுவதும், பூச்சியில்லாப் பூவைப் பிரித்துத் தருவதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பங்கு, ஐ.இ.சி., அபேடா பதிவு, வங்கி ஏற்பாடு ஆகியவற்றைத் தன் பெயரில் எடுத்து, படித்த இளைஞர் ஒருவரைக் காகிதத்துக்கென்றே அமர்த்துவது. ஆரம்பத்தில் ஏற்கெனவே ஏற்றுமதி செய்பவருக்குப் பூ கொடுத்தாலும், விளைவித்தவர்கள் பெயர்ப் பட்டியலும் புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர் பதிவும் குழுவின் கையில் இருக்கட்டும். மதுரை மல்லி என்ற பெயரைப் போட்டு விற்க உரிமை யாருக்கு என்பதை அந்தப் பதிவுதான் சொல்லும்.

தோட்டக்கலை, வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்து அளவு சொல்லிக் கொடுக்கும் பயிற்சியோடு, அதை நோட்டில் எழுதும் பயிற்சியையும் சேருங்கள். தோட்டத்துக்குப் போகும்போது நோட்டை வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். உங்கள் பேனா மையில் ஒரு வரி அந்த விவசாயிக்குப் பெரிய பலம்.

அரசுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. பூவுக்குக் காத்திருக்கத் தெரியாது. சான்று தரும் அதிகாரி, குளிர்சாதன அறை, சுங்கச் சோதனை ஆகிய மூன்றும் மல்லி வரும் நேரத்தில், மல்லி கிளம்பும் ஊரிலேயே கிடைக்க வேண்டும். ஓர் இடத்தில் சான்று, இன்னோர் இடத்தில் சோதனை, மூன்றாவது ஊரில் விமானம் என்றால், ஒரு நாள் ஆயுளில் பாதி சாலையிலேயே போய்விடும். பூ சீசன் மாதங்களுக்காவது இந்த மூன்றையும் மதுரையில் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர அரசு முன்வர வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பூ குறைவாக இருக்கும் பனி மாதங்கள் காகித வேலைக்கு ஏற்ற மாதங்கள். கவாத்து செய்து செடியைத் தயார்ப்படுத்தும் அதே நாள்களில் குழுக் கூட்டம் போட்டு, மேலே சொன்ன பதிவுகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இல்லாதவற்றுக்கு நேராக ஒருவர் பெயரையும் ஒரு தேதியையும் போடுங்கள். பங்குனியில் மொட்டு விடும்போது அந்தத் தாளில் எல்லா வரியும் அடிக்கப்பட்டிருக்க வேண்டும்.